குழந்தையின் நெஞ்சில் ஒரு சத்தம்: இதய மருத்துவரைப் பார்க்கப் போகும்போது

சளி, காய்ச்சல் என்று காட்டப் போன இடத்தில் குழந்தை மருத்துவர் ஸ்டெத்தஸ்கோப்பை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் நெஞ்சில் வைத்திருப்பார். பிறகு, "லேசா ஒரு மர்மர் கேக்குது, எதுக்கும் ஒரு குழந்தைகள் இதய மருத்துவர்கிட்ட காட்டிடுங்க" என்பார். அந்த 'எதுக்கும்' என்ற சொல் பெற்றோர் காதில் விழுவதே இல்லை. வீடு வந்து சேர்வதற்குள் 'இதயத்தில் ஓட்டை' என்று மனம் தானே தீர்ப்பு எழுதிவிடுகிறது.

மர்மர் என்பது நோயின் பெயரல்ல, ஒரு சத்தத்தின் பெயர். 'லப்', 'டப்' என்ற இரண்டு ஒலிகளுக்கு நடுவே ரத்தம் ஓடும் ஓசையும் சேர்ந்து கேட்டால் அதற்கு மர்மர் என்று பெயர். குழந்தையின் நெஞ்சுச் சுவர் மெல்லியது, துடிப்பும் வேகமானது. அதனால் எந்தக் குறையும் இல்லாத இதயத்திலும் அந்த ஓசை வெளியே கேட்டுவிடும். வளரும் பருவத்தில் ஏதாவது ஒரு சமயம் ஏறத்தாழப் பாதிக் குழந்தைகளுக்கு மர்மர் கேட்கிறது. பிறவி இதயக் குறையோ 1000 குழந்தைகளில் 8 முதல் 10 பேருக்குத்தான். காய்ச்சலிலும் ரத்தசோகையிலும் இதயம் வேகமாக இறைப்பதால் சத்தம் கூடும். காய்ச்சலின்போது கேட்ட மர்மர் என்றால், குணமான இரண்டு மூன்று வாரம் கழித்து அதே மருத்துவர் ஒருமுறை மறுபடி கேட்டுப் பார்ப்பதே பல சமயம் விஷயத்தை முடித்துவிடும். ஆனால் இந்தப் பொறுமை நன்றாக வளரும், ஓடியாடும் குழந்தைக்குத்தான். கைக்குழந்தைக்கு இல்லை.

ஏன் இல்லை என்பதில்தான் விஷயமே இருக்கிறது. குழந்தையின் இதயம் பெரியவர் இதயத்தின் சின்ன வடிவமல்ல. பிறந்த முதல் நாளில் அது ஒரு மாதிரி வேலை செய்கிறது, ஆறாவது வாரத்தில் வேறு மாதிரி, ஆறு வயதில் இன்னொரு மாதிரி. சத்தம், இசிஜி (இதய மின்னோட்டத்தின் பதிவு), எக்ஸ்ரே, எக்கோவில் (இதயத்தை அல்ட்ராசவுண்டால் எடுக்கும் படம்) வரும் மில்லிமீட்டர் கணக்கு எல்லாவற்றையும் வயதோடு சேர்த்துப் படித்தால்தான் அர்த்தம் வரும். பெரியவர்களை மட்டுமே பார்க்கும் இடத்தில் எடுத்த பரிசோதனையைக் குழந்தைகள் இதய மருத்துவர் மறுபடி எடுக்கச் சொல்வது இதனால்தான். முடிந்தால் முதல் தடவையே அவரிடம் போய்விடுவது நேரத்தையும் அலைச்சலையும் மிச்சப்படுத்தும்.

சத்தத்தை எப்படிப் பிரிக்கிறார்கள்

மர்மருக்கு 1 முதல் 6 வரை தரம் உண்டு. 1, 2 என்றால் மெல்லியது. 4 ஆகிவிட்டால் நெஞ்சில் கை வைத்தாலே அதிர்வு தெரியும். இரண்டு வயதிலிருந்து ஏழு வயதுக்குள் மிக அதிகமாகக் கேட்பது 'ஸ்டில்ஸ் மர்மர்'. ஜார்ஜ் ஸ்டில் என்ற மருத்துவர் 1909-இல் விவரித்தது. இழுத்துக் கட்டிய நாணைச் சுண்டினாற்போல ஒரு ரீங்காரம். படுத்தால் நன்றாகக் கேட்கும், உட்கார்ந்தாலோ நின்றாலோ குறையும். கழுத்துக்குக் கீழே கேட்கும் இன்னொரு ரகம், படுத்தாலோ தலையைத் திருப்பினாலோ மறைந்துபோகும். மருத்துவர் குழந்தையைப் படு, உட்கார், தலையைத் திருப்பு என்று சொல்வது இதைப் பார்க்கத்தான். இவை இரண்டும் தீங்கற்றவை.

கரகரப்பான, உரத்த, முதுகுவரை பரவுகிற சத்தமும், இதயம் விரியும் வேளையில் கேட்கிற சத்தமும் விசாரிக்கப்பட வேண்டியவை. ஆனால் சத்தம் பெரிதாக இருந்தால் நோயும் பெரிது என்ற கணக்கு இங்கே செல்லாது. சின்ன ஓட்டை வழியே ரத்தம் பீய்ச்சியடிப்பதால் சத்தம் பலமாக இருக்கும். பெரிய ஓட்டையில் தடையில்லாமல் ஓடுவதால் சத்தமே இல்லாமலும் போகலாம்.

பிறந்தவுடன் பார்த்தபோது சத்தமே இல்லையே, எப்படித் திடீரென்று வந்தது என்று கேட்காத பெற்றோர் இல்லை. மருத்துவமனையில் கவனிக்காமல் விட்டார்கள் என்ற கோபமும் அதில் கலந்திருக்கும். பிறந்த நாட்களில் நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் அதிகம். இதயத்தின் இரு பக்கமும் அழுத்தம் கிட்டத்தட்டச் சமமாக இருப்பதால், கீழறைகளுக்கு நடுவே பெரிய ஓட்டை இருந்தாலும் அதன் வழியே ரத்தம் அதிகம் பாயாது. நான்கு முதல் எட்டு வாரங்களுக்குள் நுரையீரல் அழுத்தம் இறங்கும். அப்போதுதான் ரத்தம் அந்தப் பக்கம் கொட்டத் தொடங்கி, சத்தமும் மூச்சிரைப்பும் வரும். முதல் வாரச் சோதனை சரியாக இருந்ததே என்று ஆறாவது வாரச் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது என்பது இதனால்தான்.

வேறு சில குறைகளில் ஆபத்து முதல் சில நாட்களிலேயே வரும். கருவில் இருந்தபோது திறந்திருந்த ஒரு குழாய் பிறந்த சில நாட்களில் மூடிக்கொள்ளும். சில குழந்தைகளுக்கு அந்தக் குழாயை நம்பித்தான் ரத்த ஓட்டமே நடந்துகொண்டிருக்கும். வீட்டுக்கு அனுப்பும் முன் வலது கையிலும் ஒரு காலிலும் ஆக்சிஜன் அளவு பார்ப்பது இவர்களைப் பிடிப்பதற்குத்தான். 95 சதவீதத்துக்குக் குறைந்தாலோ, கைக்கும் காலுக்கும் 3 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ மறுபடி பார்ப்பார்கள். டிஸ்சார்ஜ் தாளில் இந்த எண்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அங்கேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மருத்துவரால் பார்க்க முடியாததைக் கொண்டுபோங்கள்

அறைக்குள் குழந்தை அழும், பயப்படும். அப்போது எண்ணிய மூச்சும் துடிப்பும் எதற்கும் உதவாது. வீட்டில், தூக்கத்தில், சட்டையைத் தூக்கிவிட்டு வயிறு எழும்பி இறங்குவதை முழுதாக 60 நொடி எண்ணுங்கள். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கினால் தவறும், ஏனென்றால் கைக்குழந்தையின் மூச்சு ஒரே சீராக ஓடாது. இரண்டு மாதத்துக்குள் நிமிடத்துக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 ஆகியவற்றைத் தொட்டாலோ தாண்டினாலோ அது வேகமான மூச்சு. மூன்று நாள், நாளுக்கு இரண்டு முறை எண்ணி, தேதியும் நேரமும் போட்டு எழுதி வையுங்கள்.

பால் குடிப்பதுதான் கைக்குழந்தைக்கு உடற்பயிற்சி. பெரியவர் மாடிப்படி ஏறுவதற்குச் சமம். அதனால் இதயம் தடுமாறினால் முதலில் அங்கேதான் தெரியும். ஒரு வேளைப் பால் 30 நிமிடத்துக்கு மேல் இழுக்கிறதா, நடுநடுவே நிறுத்தி மூச்சு வாங்குகிறதா, குடிக்கும்போது நெற்றி வியர்க்கிறதா, பாதியில் களைத்துத் தூங்கிவிடுகிறதா? 'சரியாகவே குடிப்பதில்லை' என்று சொல்வதைவிட 'ஒரு வேளைக்கு 40 நிமிடம், மூன்று முறை நிறுத்துகிறான்' என்பது மருத்துவருக்கு நூறு மடங்கு பயன்படும். எடையை ஒரே தராசில், துணியில்லாமல் பாருங்கள். முதல் மூன்று மாதத்தில் நாளுக்கு 20 முதல் 30 கிராம் கூட வேண்டும். தராசு மாறினால் வரும் பிழையே ஒரு வார எடைக்குச் சமமாகிவிடும்.

நீலம் என்று சொல்லும்போது எங்கே என்று சொல்லுங்கள். குளிரில் பச்சிளங்குழந்தையின் கை, கால், வாயைச் சுற்றியுள்ள தோல் நீலம் பூப்பது சாதாரணம். நாக்கும் ஈறும் நீலமானால்தான் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது என்று பொருள். மாநிறமோ கறுப்போ ஆன குழந்தைகளுக்குத் தோலை நம்பவே வேண்டாம், பகல் வெளிச்சத்தில் நாக்கைப் பாருங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கருமையான தோலில் உண்மையைவிட அதிகமாகக் காட்டக்கூடும். விரல் சில்லிட்டிருந்தாலோ அசைந்தாலோ அதன் எண்ணுக்கு மதிப்பில்லை.

மயக்கம், திடீர் படபடப்பு, நீலம், மூச்சுத்திணறல் எதுவானாலும் செல்போனில் வீடியோ எடுத்துவிடுங்கள். குழந்தையை விட்டுவிட்டு வீடியோ எடுப்பதா என்று தோன்றும். பக்கத்தில் இன்னொருவர் இருந்தால் எடுக்கட்டும், அரை நிமிடம் போதும். வர்ணனையில் புரியாதது அதில் புரிந்துவிடும்.

குடும்ப வரலாறுதான் எல்லோரும் கோட்டைவிடும் இடம். 'குடும்பத்தில் யாருக்காவது இதய நோய் உண்டா?' என்றால் தாத்தாவுக்கு 70 வயதில் வந்த மாரடைப்பைச் சொல்வார்கள். மருத்துவர் தேடுவது அதை அல்ல. 50 வயதுக்குள் காரணம் தெரியாமல் இறந்தவர்கள், தூக்கத்திலேயே போனவர்கள், நன்றாக நீந்தத் தெரிந்தும் தண்ணீரில் மூழ்கியவர்கள், சின்ன வயதிலேயே பேஸ்மேக்கர் வைத்தவர்கள், இதயத் தசை தடித்தவர்கள், மாத்திரைக்கு அடங்காத 'வலிப்பு' உள்ளவர்கள் ஆகியோரைப் பற்றித்தான் கேட்கிறார். கடைசியாகச் சொன்னதில் சில, உண்மையில் இதய மின்னோட்டக் கோளாறால் வந்த மயக்கங்களாக இருக்கும். பாட்டிகளிடம் உட்கார்ந்து கேட்டால் இந்தக் கதைகள் கிடைக்கும். கர்ப்பத்தில் அம்மாவுக்குச் சர்க்கரை, லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்), ரூபெல்லா அம்மை, வலிப்பு மாத்திரை ஏதாவது இருந்ததா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பழைய எக்கோ இருந்தால் அறிக்கைத் தாளை மட்டுமல்ல, பதிவான படங்களையும் கேட்டு வாங்குங்கள். எழுதியவரின் கருத்தைவிடப் படம்தான் அடுத்த மருத்துவருக்கு முக்கியம்.

காத்திருக்கக் கூடாதவை

நாக்கு நீலமாவது, மூச்சு வாங்கி விலா உள்ளிழுப்பது, பால் குடிக்கவே முடியாமல் துவள்வது, ஓடும்போதோ நீந்தும்போதோ மயங்கி விழுவது. இவற்றுக்குத் தேதி வாங்கிக் காத்திருக்க வேண்டாம், அவசரப் பிரிவுக்குப் போங்கள். நெடுநேரம் நின்று, கண் இருண்டு, வியர்த்து, மெல்லச் சரிவது பெரும்பாலும் இதயக் கோளாறால் வராத சாதாரண மயக்கம். முன்னறிவிப்பே இல்லாமல் ஓட்டத்தின் நடுவிலோ, அலாரச் சத்தத்தில் திடுக்கிட்டோ விழுவதுதான் இதயத்தைக் காட்டும். நீலக் குழந்தை (இதயக் குறையால் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து நீலம் பூக்கும் குழந்தை) என்று ஏற்கெனவே தெரிந்த குழந்தை அழுது அழுது கருநீலமானால், முழங்காலை மடக்கி நெஞ்சோடு சேர்த்து அணைத்துப் பிடித்துச் சமாதானப்படுத்தியபடியே கிளம்புங்கள். அந்த நிலையில் கால்களுக்குப் போகும் ரத்தத்துக்குத் தடை கூடுவதால் நுரையீரலுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போகும்.

பள்ளி வயதில் வரும் நெஞ்சுவலி மிகப் பெரும்பாலும் இதயத்தால் அல்ல. சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஊசி குத்தினாற்போல் சில நொடி வந்து, மூச்சை இழுத்தால் கூடுவது தசை, விலா சம்பந்தப்பட்டது. ஓடும்போது மட்டும் வரும் வலியைத்தான் காட்ட வேண்டும்.

அறைக்குள்

முன்பக்கம் திறக்கும், இரண்டு துண்டான உடை போதும். நெஞ்சில் எண்ணெய், க்ரீம், பவுடர் வேண்டாம், இசிஜி ஸ்டிக்கர் ஒட்டாது. மருத்துவர் தொடை இடுக்கில் நாடி பார்ப்பார், வயிற்றில் கல்லீரலைத் தடவிப் பார்ப்பார், கையிலும் காலிலும் ரத்த அழுத்தம் எடுப்பார். கையில் அதிகமாகவும் காலில் 20-க்கு மேல் குறைவாகவும் இருந்தால் பெருந்தமனியில் (இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்) நெருக்கம் இருக்கலாம். ரத்த அழுத்தப் பட்டை குழந்தையின் கைக்குத் தகுந்ததா என்று தயங்காமல் கேட்கலாம். பட்டை சின்னதானால் அழுத்தம் பொய்யாக அதிகம் காட்டும். இல்லாத நோய்க்கு அலையவிடும் தவறுகளில் இதுவும் ஒன்று.

இசிஜிக்குப் பத்து ஸ்டிக்கர், சில நிமிடம், வலி கிடையாது. தாளின் மேலே இயந்திரம் தானே அச்சிடும் 'அப்நார்மல்' என்ற சொல்லைப் படித்துவிட்டு இரவெல்லாம் விழித்திருக்காதீர்கள். பல இயந்திரங்கள் பெரியவர் அளவுகோலை வைத்தே சொல்கின்றன. முன்நெஞ்சில் வரும் சில அலைகள் தலைகீழாக இருப்பது பெரியவருக்குக் கோளாறு, பத்து வயதுக்காரனுக்கு இயல்பு. மூச்சை இழுக்கும்போது துடிப்பு வேகமாவதும் விடும்போது மெதுவாவதும் குழந்தைகளில் நன்றாகவே தெரியும். அதுவும் இயல்புதான். எக்ஸ்ரேயிலும் இதே கதை: கைக்குழந்தையின் நெஞ்சில் தைமஸ் சுரப்பி பெரிதாக இருப்பதால் 'இதயம் வீங்கியிருக்கிறது' போலத் தெரியும். மூச்சை விடும்போது எடுத்த படம் இன்னும் ஏமாற்றும்.

எக்கோ 30 முதல் 60 நிமிடம் ஆகும். விலாவுக்குக் கீழே, நெஞ்சில், கழுத்துக் குழியில் என்று பல இடங்களில் கருவியை வைத்துப் பார்ப்பார்கள். கழுத்துக் குழியில் வைக்கும்போதுதான் பெரும்பாலான குழந்தைகள் அழுகின்றன, அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளச் சொல்லலாம். ஆறு மாதத்துக்குள் என்றால் பசியோடு கொண்டுபோய் அங்கேயே பால் கொடுத்தால் குடித்தபடியே படம் எடுக்கவிடும். ஒன்று முதல் மூன்று வயதுதான் சிரமம். அவர்களுக்குத் தூக்க மருந்து தேவைப்படலாம்.

இங்கேதான் தேதி வீணாகிறது. தூக்க மருந்து கொடுப்பதானால் வயிறு காலியாக இருக்க வேண்டும். பொதுவான கணக்கு: தண்ணீர் 2 மணி நேரம், தாய்ப்பால் 4 மணி நேரம், மற்றப் பாலும் திட உணவும் 6 மணி நேரம். அந்த மருத்துவமனை வேறு கணக்குச் சொன்னால் அதுதான் செல்லும். காலையில் நன்றாகத் தூங்க வைத்துக் கூட்டிப்போனால் மருந்துக்கும் அடங்காது. வழியில் வண்டியில் தூங்கிவிடுவதுதான் வழக்கமான சொதப்பல், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து விளையாட்டுக் காட்டட்டும். மருந்து கொடுக்காமல் எடுப்பதானால் பட்டினி போடத் தேவையே இல்லை. பசித்த குழந்தை படம் எடுக்கவிடாது. தேதி வாங்கும்போதே 'தூக்க மருந்து உண்டா, இல்லையா' என்று கேட்டுவிடுங்கள். சளி, காய்ச்சல் இருந்தால் முந்தின நாளே தொலைபேசியில் சொல்லுங்கள், மருந்து கொடுப்பதைத் தள்ளிவைக்க நேரலாம்.

அறிக்கையைப் படிக்கும்போது

'சைட்டஸ் சாலிட்டஸ்', 'லீவோகார்டியா' என்ற சொற்களைத் தேடிப் படித்துப் பயப்படுபவர்கள் ஏராளம். உறுப்புகள் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன, இதயம் இடப்பக்கம் இருக்கிறது, அவ்வளவுதான். 'ட்ரிவியல்' என்று அடைமொழி போட்ட கசிவு நல்ல இதயத்திலும் தெரிவது. 'பிஎஃப்ஓ' என்பது மேலறைகளுக்கு நடுவே கருவில் இருந்த சின்னக் கதவு. பெரியவர்களிலேயே நான்கில் ஒருவருக்கு அது முழுதாக ஒட்டிக்கொள்வதில்லை.

அழுத்த வேறுபாடு என்று ஓர் எண் வரும். ரத்தம் பாயும் வேகத்தை அளந்து, அதன் வர்க்கத்தை 4-ஆல் பெருக்கி எடுப்பது. நொடிக்கு 4 மீட்டர் என்றால் 64. இதே 64 பெருந்தமனி வால்வில் வந்தால் வால்வு மோசமாக அடைத்திருக்கிறது என்று பொருள். கீழறைகளுக்கு நடுவே உள்ள ஓட்டையில் வந்தால் பெரும்பாலும் நல்ல சேதி: ஓட்டை சின்னது, இரு பக்க அழுத்தமும் கலந்துவிடவில்லை. எண்ணை மட்டும் பார்த்து இன்னொரு குழந்தையின் அறிக்கையோடு ஒப்பிடுவது ஏன் வீண் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. மில்லிமீட்டரும் அப்படித்தான். 3 கிலோ குழந்தையின் 5 மி.மீ. ஓட்டையும் 20 கிலோ குழந்தையின் 5 மி.மீ. ஓட்டையும் ஒன்றல்ல. அதனால்தான் 'இசட் ஸ்கோர்' போடுகிறார்கள். உடலளவுக்கு ஏற்ற சராசரியிலிருந்து எவ்வளவு விலகல் என்று அது சொல்லும். கழித்தல் 2-க்கும் கூட்டல் 2-க்கும் நடுவே இருந்தால் இயல்பு.

முடிவு மூன்றில் ஒன்றாக இருக்கும். இதயம் நன்றாக இருக்கிறது என்றால் 'மீண்டும் வரத் தேவையில்லை, விளையாட்டுக்குத் தடையில்லை' என்று எழுதி வாங்குங்கள். எழுத்தில் இல்லாவிட்டால் ஒவ்வொரு காய்ச்சலிலும் ஒவ்வொரு மருத்துவரும் மறுபடி அனுப்புவார்கள்.

கண்காணிக்கலாம் என்றால் மூன்று கேள்வி: எதைக் கண்காணிக்கிறீர்கள், அடுத்து எப்போது, எது மாறினால் முன்னதாகவே வர வேண்டும். கீழறைச் சுவரின் தசைப் பகுதியில் உள்ள சின்ன ஓட்டைகளில் பெரும்பாலானவை தானே மூடிக்கொள்ளும். மேலறை ஓட்டை 8 மி.மீ.க்கு மேல் என்றால் தானாக மூடும் வாய்ப்புக் குறைவு. பெருந்தமனி வால்வுக்கு நேர் கீழே உள்ள ஓட்டை சின்னதானாலும் வால்வின் இதழை மெல்ல உள்ளே இழுத்துவிடக்கூடும். எந்த இடத்தில் உள்ள ஓட்டை என்று கேட்காமல் எழுந்து வராதீர்கள்.

சிகிச்சை வேண்டும் என்றால் 'எந்த வயதுக்குள், தள்ளினால் என்ன ஆகும்' என்பதுதான் முதல் கேள்வி. மேலறை ஓட்டைக்கு மூன்று முதல் ஐந்து வயது வரை பொறுக்கலாம். பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் இடம் மாறிப் பிறந்த குழந்தைக்கு முதல் சில வாரங்களே அவகாசம். கீழறையில் பெரிய ஓட்டை என்றால் 'கொஞ்சம் எடை ஏறட்டும்' என்று உறவினர் சொல்வது நியாயமாகத் தோன்றும். ஆனால் அந்த ஓட்டைதான் எடையை ஏறவிடாமல் தடுக்கிறது. ஆண்டுக்கணக்கில் விட்டால் நுரையீரல் குழாய்கள் இறுகி, பிறகு ஓட்டையை மூடவே முடியாத நிலை வரும். டவுன் சின்ட்ரோம் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இதயக் குறை உண்டு, நுரையீரல் குழாய்களும் சீக்கிரம் இறுகும். அவர்களுக்குச் சத்தம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் எக்கோ எடுத்தாக வேண்டும்.

மருந்து எழுதினால் மி.லி. மட்டும் போதாது, மில்லிகிராமும் எழுதச் சொல்லுங்கள். நீர் பிரியக் கொடுக்கும் ஃப்ரூசமைட் திரவமே 1 மி.லி.யில் 4, 8, 10 மில்லிகிராம் என்று வெவ்வேறு அடர்த்தியில் வருகிறது. கடை மாறினால் அளவு இரண்டரை மடங்கு மாறிவிடும். ஸ்பூன் வேண்டாம், ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து கொடுங்கள். இதயத் துடிப்புக்கு வலுவூட்டும் டிஜாக்சின் குடித்தபின் வாந்தியெடுத்தால் மறுமுறை கொடுக்காமல் மருத்துவரைக் கேளுங்கள். துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் ப்ராப்ரனலால் கொடுக்கும் குழந்தை சாப்பிடாமல் கிடந்தால் ரத்தச் சர்க்கரை இறங்கும், அன்றைய வேளை மருந்தைக் கொடுக்கும் முன் கேளுங்கள். எடை கூடக்கூட அளவும் மாற வேண்டும், ஒவ்வொரு வருகையிலும் புது எடையைச் சொல்லி மறு கணக்குப் போட வையுங்கள்.

தடுப்பூசிகளை நிறுத்த வேண்டியதில்லை, இதயக் குறை உள்ள குழந்தைக்குச் சளி, நிமோனியா இன்னும் கெடுதல். விதிவிலக்கு இருந்தால் மருத்துவரே சொல்வார். பல்லைச் சுத்தமாக வைத்திருப்பது இதய வைத்தியத்தின் பகுதிதான். ஈறிலிருந்து ரத்தத்தில் ஏறும் கிருமி வால்வில் போய் உட்காரலாம். பல் வைத்தியத்துக்கு முன் ஆன்ட்டிபயாடிக் எல்லோருக்கும் தேவையில்லை: செயற்கை வால்வு வைத்தவர்கள், ஏற்கெனவே இதய உட்சுவரில் தொற்று வந்தவர்கள், சரிசெய்யப்படாத நீலக் குறை உள்ளவர்கள், செயற்கைப் பொருள் வைத்துச் சரிசெய்த முதல் ஆறு மாதத்தில் இருப்பவர்கள் போன்றோருக்குத்தான். உங்கள் குழந்தை இதில் சேருமா என்று ஒரு வரி எழுதி வாங்கி, பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பள்ளிக்கும் ஒரு கடிதம் வேண்டியிருக்கும். அதில் 'இதய நோயாளி, கவனம்' என்று மட்டும் இருந்தால் குழந்தையை மரத்தடியில் உட்கார வைத்துவிடுவார்கள். எந்த விளையாட்டெல்லாம் ஆடலாம், களைத்தால் தானே நிறுத்தவிட வேண்டுமா, என்ன நடந்தால் யாரை அழைப்பது என்று மருத்துவரிடமே எழுதி வாங்குங்கள். சின்ன ஓட்டை உள்ள பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்தக் கடிதத்தில் வர வேண்டிய வரி ஒன்றுதான்: எல்லா விளையாட்டும் ஆடலாம்.